இறக்கி வைத்த சுருதி

நோய் முற்றமுற்ற என் மனைவியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. அது அவளுக்கு உறைக்கக் கூடாதென்று, அவள் பார்க்காத நேரத்தில் கீபோர்டின் சுருதியைக் குறைத்து வைப்பேன். இந்தக் காலத்துச் சுருதிக்கு எண் 440. பழங்காலச் சுருதிகள் 415, 392. அதற்குக் கீழே அந்தப் பெட்டி இறங்காது.

"மேல் ஸ்வரமெல்லாம் சுளுவா வருதுங்க" என்று பூரித்துப்போவாள். 392-க்கு வந்த வாரமே போய்விட்டாள்.

440-க்கு ஏற்றி மூடி வைத்தேன். இப்போது மகள் அதில் பாடுகிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போன மாதம் ஒருநாள் எண் 415-இல் நின்றது. மகளைக் கேட்டேன்.

"நான் எதுக்குப்பா அதைத் தொடப்போறேன்? எங்க மாத்துறதுன்னே எனக்குத் தெரியாது."

ரிப்பேர்காரர் பிரித்துப் பார்த்தார். "பெட்டி கல்லு மாதிரி இருக்கு சார்."

ஏற்றி வைத்தேன். மறுநாளும் 415. மகள் முகமெல்லாம் சிரிப்பு. "இப்பல்லாம் மேல் ஸ்வரம் சுளுவா வருதுப்பா."

அன்றே அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒன்றுமில்லை என்றார். மனைவிக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்.

இன்று காலை 392. பல்லைக் கடித்துக்கொண்டு 440-க்கு ஏற்றினேன். மகள் பாட உட்கார்ந்தாள். மேல் ஸ்வரத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் உடைந்தது.

"எனக்கு என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

அவள் திரும்பி வருவதற்குள் நானே 392-க்கு இறக்கி வைத்தேன்.