வால் நட்சத்திர விருந்தாளி

“இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் விளக்கை நிறுத்தி வைங்க பூவம்மா. வேற ஒண்ணும் கேக்கல.”

பூவம்மாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. களத்துமேட்டுக் குடிசை வாசலில் வந்து நின்று கேட்பவர் மிராசுதார் ரெங்கசாமி. ‘வாங்க, போங்க’ என்று அவர் அவளிடம் பேசியதே கிடையாது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு அவள் புருஷன் வீரையன் மனுப் போட்ட நாளிலிருந்து எந்தப் பேச்சுமே கிடையாது.

“நம்ம வீட்டுக்குப் பட்டணத்துலேர்ந்து ஒரு விருந்தாளி வந்திருக்கார். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தரம் வருதாமே வால் நட்சத்திரம், அதைப் பாக்கணுமாம். பட்டணத்துல எங்க பாத்தாலும் வெளிச்சம். இங்க வந்தா மாடிக்கு நேர் எதிர்ல உங்க பல்பு. கண்ணைக் குத்துதுங்கறார்.”

“இந்தக் குண்டு பல்பா?” வீரையன் சிரித்தான். “இதுல எனக்குக் கஞ்சியில கெடக்குற மொளகாயே தெரியறதில்லீங்க.”

ரெங்கசாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார். “அடுப்பும் மூட்டாதீங்க. பொகை வானத்தை மறைக்குமாம். சாப்பாடு நம்ம வீட்டுலேர்ந்து வந்துரும்.”

பூவம்மாள் சிரிக்கவில்லை. “நாளைக்குக் காலையில பட்டா அதிகாரி வர்றாருங்க.”

“தெரியும்மா. வரட்டும். நீங்க இங்கதான் குடியிருக்கீங்கன்னு எழுதிக் குடுக்கட்டும். சட்டம் உங்க பக்கம், நான் எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டுறது?”

அவர் தலை வரப்பைத் தாண்டியதும் வீரையன் கேட்டான்: “என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“அந்த மனுசன் வாயில தேனா ஒழுகுதே, அதான்.”

“காரியம் கைமீறிப் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டார், எறங்கி வர்றார். நாமளும் ஒரு படி எறங்குவோம். நாளைக்கு அதிகாரி முன்னால அவர் ஆட்சேபணை பண்ணாம இருந்தாப் போதாதா?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்த மேட்டில் முன்பு இன்னும் மூன்று குடிசைகள் இருந்தன. வழக்குக்கு அலைந்து சலித்துப்போய் அவர்கள் திருப்பூருக்குப் போனார்கள். போன வேகத்தில் ரெங்கசாமி அந்த இடத்தை வெட்டிச் சமன் பண்ணி, இப்போது அங்கே சம்பா நட்டிருக்கிறார். பட்டா வந்தால் இந்தக் குடிசை நிற்கும். வராவிட்டால் அடுத்த நடவுக்கு இதுவும் வயல்தான்.

பொழுது சாய்ந்ததும் கேரியர் வந்தது. சாதம், சாம்பார், பொரித்த அப்பளம். பாயசம்கூட.

பூவம்மாள் சுவிட்சில் கை வைத்தாள். குடிசைக்கு ஒரு விளக்கு என்று சர்க்கார் கொடுத்தது அது. வந்த நாளிலிருந்து அந்தியில் ஒருநாளும் அது எரியாமல் இருந்ததில்லை. “விளக்கு வைக்கிற நேரத்துல போயி நிறுத்தச் சொல்றாரே” என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள்.

ஐப்பசி மழை விட்டு வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. இருவரும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, மேலே ஒன்று, நூறு, அப்புறம் எண்ண முடியாமல் போயிற்று.

“யோவ், இத்தனையுமா இருந்துச்சு?”

“நீ வாக்கப்பட்டு வந்தப்பவும் இருந்துச்சு. பல்பு வந்ததும் மேல பாக்கறதை மறந்துட்ட.”

“இதுல வால் உள்ளது எது?”

“அந்தா, ஆறாமீனுக்குக் கீழ, அசையுது பாரு.”

“அது மின்மினிய்யா!”

“அப்ப வாலெல்லாம் பெரிய மனுசங்க கண்ணுக்குத்தான் தெரியும்போல.”

அவள் வாய்விட்டுச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. “பட்டா வந்ததும் தெக்கால ஒரு சாய்ப்பு எறக்கணும்யா. மவ பிரசவத்துக்கு வந்தா படுக்க எடம் வேணும்ல?”

வயலுக்கு அந்தப் பக்கம், ரெங்கசாமி வீட்டு மாடியில் ஒரு சிகரெட் கங்கு அசையாமல் நின்றது. பாவம், அந்த விருந்தாளியும் இன்னும் தேடுகிறார்போல. ‘அவர் கண்ணுலயாவது படட்டும்’ என்று பூவம்மாள் நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் கேரியரைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். வந்து காத்திருந்த ஆள் அதைக் கையோடு வாங்கிப் போனான். அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினாள். வீரையன் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோட்டில் ஜீப் எதுவும் வரவில்லை. ரெங்கசாமி வீட்டுப் பக்கமிருந்து, வரப்பு வழியாக, கையில் காகிதக் கட்டோடு ஒருவர் வந்தார். பின்னால் ரெங்கசாமி.

“பட்டா விசாரணைக்கு வந்திருக்கேன்” என்றார் அவர். அடுப்பையும் பானையையும் வீரையனின் சட்டையையும் ஒருமுறை பார்த்தார். “விசாரணைன்னு சொன்ன அன்னைக்குக் காலையில எல்லா எடத்துலயும் அடுப்பு எரியும், சோறு கொதிக்கும். அதனால நான் முதல் நாளே வந்துடறது வழக்கம். நேத்து ராத்திரி இவர் மாடியிலேர்ந்து வெகுநேரம் பாத்தேன். இங்க விளக்கும் இல்ல, அடுப்பும் இல்ல. நீங்க பகல்ல மட்டும் வந்து போறதா இவர் மனு குடுத்தது சரியாத்தான் இருக்கு.”

“ஐயா, வால் நட்சத்திரம் பாக்க வெளிச்சம் ஆகாதுன்னு நீங்கதானே சொல்லி அனுப்புனீங்க!” பூவம்மாள் பதறினாள். “சாப்பாடுகூட வந்துச்சே, கேரியர்ல...” அவள் கண் கேரியரைத் தேடி, வெறும் தரையில் நின்றது.

அதிகாரி ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தார். “வால் நட்சத்திரமா?”

“பட்டாவுக்காக என்ன கதை வேணும்னாலும் கட்டுவாங்க, சார்” என்றார் ரெங்கசாமி. “வெயில் ஏறுது, போவோம் வாங்க.”