பஞ்சநதத்தின் பழைய சாட்சி

“இந்த வாரமும் அந்த ஆளு மைக்கைத் தொட்டாருன்னா, நான் சபை செகரட்டரி வேலையை விட்டுடுவேன்” என்றார் தியாகேசன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

“போன வாரமும் இதேதான் சொன்னீங்க” என்றாள் மனைவி தங்கமணி. “அவரு ஒரே சாட்சியைச் சொல்றாரு. நீங்க ஒரே சபதத்தைப் போடுறீங்க.”

வெண்ணாற்றங்கரையில் தகரக் கூரை போட்ட சின்ன சபை அது. ஞாயிறு காலை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருத்திக்குப் பசு கன்று போட்டிருக்கும். ஒருவருக்கு மூட்டுவலி குறைந்திருக்கும்.

பஞ்சநதத்துக்கு மட்டும் புதிதாக ஒன்றும் நடப்பதேயில்லை. ஞானஸ்நானத்தில் அவருக்கு பவுல் என்று பெயர் வைத்தார்கள். பவுலை ஊரில் யாருக்கும் தெரியாது. திருவையாற்று ஈஸ்வரன் பெயரோடுதான் சபைக்குள்ளும் நடமாடினார். பொங்கலிலிருந்து வாராவாரம் அவர் சொல்வது அந்த ஞானஸ்நானக் கதைதான்.

“மேட்டூர் திறந்து தண்ணி வந்த புதுசு. பாஸ்டர் என்னைப் பிடிச்சு ஆத்துல முழுக்கினாரு. மூச்சு முட்டிச்சு. எழுந்தேன். கண்ணைத் திறந்தேன். கண்டேன் தேவமகிமையை! அல்லேலூயா!”

எழுந்ததற்கும் கண்ணைத் திறந்ததற்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளியைக்கூட வாலிபப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அவர்களும் மூச்சு முட்டுவார்கள்.

தியாகேசனின் கவலை பெரிது. பொங்கலுக்கு முந்தின வாரம் பாஸ்டர் எலியேசரின் மனைவி இறந்துபோனார். அதிலிருந்து பாஸ்டரின் பிரசங்கம் ஆறிப்போன டீ மாதிரி ஆகிவிட்டது. பாதி வீடுகள் கும்பகோணத்தில் ஏ.சி. போட்ட பெரிய சபைக்கு வேன் ஏறத் தொடங்கிவிட்டன. புதன்கிழமை பாஸ்டரே தியாகேசனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“என்னால முடியல பிரதர். உள்ளே ஒண்ணுமே இல்ல. ஞாயித்துக்கிழமை சபையில சொல்லிட்டு, ஓசூர்ல தம்பி வீட்டுக்குப் போயிடறேன்.”

பாஸ்டர் போனால் சபைக்குப் பூட்டுதான். ஆராதனையில் கொஞ்சம் சூடு ஏற்றினால் மனுஷன் மனம் மாறக்கூடும் என்று நினைத்தார் தியாகேசன். வாடகைக்கு டிரம்ஸ் வந்தது. கீபோர்டுக்கு ஆள் வந்தது. சூட்டைத் தணிக்க பஞ்சநதம் ஒருவர்தான் பாக்கி.

சாட்சி நேரம் வந்தது. பஞ்சநதம் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். தியாகேசன் முந்திக்கொண்டு மைக்கை எடுத்தார்.

“பிரதர், இந்த வாரம் கர்த்தர் என்ன செஞ்சாரு? அதை மட்டும் சொல்லுங்க.”

“இந்த வாரமா? மோட்டார் எரிஞ்சுபோச்சு. யூரியா கிடைக்கல. மாடு சினை நிக்கல. இதெல்லாம் கர்த்தர் செஞ்சதுன்னு சொல்லட்டுமா?”

“வேணாம். உட்காருங்க.”

சபை சிரித்தது. பஞ்சநதம் சிரிக்கவில்லை. பாஸ்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பாஸ்டர் எழுந்து வந்து வேதத்தைத் திறந்தார். பார்த்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“சபையாரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான்...”



“மேட்டூர் திறந்து தண்ணி வந்த புதுசு!”

மைக் இல்லாமலே கூரை அதிர்ந்தது. நாலு வயலுக்கு அப்பால் நிற்கும் நடவாட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

“பிரதர்!” என்று பாய்ந்தார் தியாகேசன். பஞ்சநதம் அவரைச் சட்டை செய்யவில்லை.

“பாஸ்டர் என்னைப் பிடிச்சு ஆத்துல முழுக்கினாரு. இடுப்பளவு தண்ணி...”

“மாரளவு” என்றார் பாஸ்டர்.

சபை மொத்தமும் அவரைப் பார்த்தது.

“இடுப்பளவுதான் பாஸ்டர்.”

“உங்களுக்கு இடுப்பு. நீங்க பனைமரம். எனக்கு மாரளவு! உங்களை முக்கித் தூக்கறதுக்குள்ள எனக்குப் பிராணன் போயிடுச்சு.” பாஸ்டர் சிரித்துவிட்டார். பொங்கலுக்கு அப்புறம் அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. “கரையில துண்டோட அவ நிக்கிறா. ‘விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க’ன்னு ஒரே கத்தல்...”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூடிய வேதத்தைத் திறக்காமலே பேச ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஓசூர் என்ற பேச்சே வரவில்லை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பஞ்சநதத்திடம் போனார் தியாகேசன். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

“ஏன் பிரதர், அன்னைக்கு எழுந்து கண்ணைத் திறந்தப்போ அப்படி என்னதான் தெரிஞ்சது? வானம் கீனம் திறந்துச்சா?”

பஞ்சநதம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மூக்குல தண்ணி ஏறி இருமிக்கிட்டு நின்னேன். வேட்டி வேற அவுந்துபோச்சு. எனக்கு மகிமையாவது ஒண்ணாவது!”

“அப்போ கண்டேன் கண்டேன்னு வாராவாரம் கத்துறது?”

“கண்டேனே! கண்ணைத் திறந்தா எதிர்ல பாஸ்டர் மூஞ்சி. அவரு முழுக்கின முதல் ஆளு நான்தானே. அப்படி ஒரு சந்தோஷத்தை மனுஷ மூஞ்சியில நான் பார்த்ததே இல்லீங்க. அன்னைக்கு தேவன் வந்தது எனக்கில்ல, அவருக்கு. பாஸ்டரம்மா போனதுல அவருக்கு அது மறந்துபோச்சு. பார்த்தவன் நான் ஒருத்தன்தானே இருக்கேன், நான் சொல்லாம வேற யாரு சொல்றது?”