பொறுப்பேற்ற குரல்

"நாலு பேர் மிஸ். நான், பிறெடி அய்யே, பேஷன்ட், பேஷன்ட்ட தங்கச்சி."

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தளத்திலிருந்து ஷிஹான் சொன்னான். வெள்ளவத்தையில், புடவைக் கடைக்கு மேலே இருந்த அம்புலன்ஸ் கம்பெனி அறையில் நிஹ்லா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறெடி அம்புலன்ஸ் வானை ஓட்டுபவர். ஷிஹான் நோயாளிகளைத் தூக்கி இறக்குபவன். நிஹ்லா யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அவளுக்குக் குரல்கள் மட்டும்தான். வேலை முடிந்து மாளிகாவத்தை வாடகை அறைக்குப் போனால் அதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியிடம் போதிய வான் கிடையாது. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளைக் கொண்டுபோய் விடும் வேலையைக் குத்தகைக்கு விட்டிருந்தது.

முன்பு குத்தகை எடுத்த கம்பெனி ஒரு மனிதரை வாசலோடு இறக்கிவிட்டுப் போனது. உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அவர் வீடு திரும்பியதே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது.

குத்தகை கைமாறியது. கூடவே ஒரு விதியும் வந்தது. நோயாளியைச் சொந்த ஆளிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அந்த ஆள் என்ன உறவென்று போனில் தன் வாயால் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். பேச்சு பதிவாகும். முதலாளி அதைப் போட்டுக் கேட்பார்.

ஆள் இல்லாவிட்டால் வான் திரும்ப வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் அதற்குள் இன்னொருவருக்குப் போயிருக்கும். பிறகு வயோதிபர் இல்லம்தான். இல்லத்திலிருந்து யாரையாவது வீட்டுக்கு ஏற்றிவரச் சொல்லி நிஹ்லாவுக்கு இதுவரை ஓர் அழைப்பும் வந்ததில்லை.

"தங்கச்சிக்கிட்ட போனைக் குடுங்க."

ஒரு செருமல் கேட்டது. "ஹலோ பிள்ளை."

நிஹ்லாவுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

அந்தத் தொடர்மாடியில் யாரை இறக்கினாலும் இந்தக் கரகரப்புத்தான் வந்து நிற்கும். மாரடைப்பு வந்த சவுந்தரநாயகத்துக்கு மனைவி. காலை எடுத்த பெர்னாட்டுக்கும் மனைவி. கண் தெரியாத ஒரு கிழவிக்கு மகள். ஒரே தளத்தில் ரெண்டு புருஷன் வைத்திருக்கிறவளை இப்போதுதான் காண்கிறேன் என்று பிறெடி ஒருமுறை விழுந்து விழுந்து சிரித்தார்.

நிஹ்லாவும் சிரித்தாள். முதலாளியிடம் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு இருக்கிறவர்களுக்கு யாரோ ஒருத்தி கதவைத் திறக்கிறாள். அதில் யாருக்கு என்ன நட்டம்? விதி உறவைத்தான் கேட்கச் சொன்னது. பெயரை அவள் கேட்டதேயில்லை.

சவுந்தரநாயகம் இப்போது இல்லை. பெர்னாட்டை மகன் கனடாவுக்கு எடுத்தபோது கட்டுநாயக்கா விமான நிலையம்வரை கொண்டுபோனதும் இதே வான்தான். கிழவி இல்லத்தில்.

இன்றைய நோயாளி மாக்ரெட். வயது எழுபதுக்கு மேல், விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்தது. குரலுக்குப் புதிதாக ஓர் அக்கா கிடைத்துவிட்டாள் என்று நிஹ்லா நினைத்தாள்.

"நீங்க கூடப்பிறந்த தங்கச்சியா?"

"ஓம், ஒரே வயித்தில."

"இரவைக்கு அவங்களோட நிப்பீங்களா?"

"வேற எங்க போறது பிள்ளை? நானில்லாம அவ ஒருநாளும் இருந்ததில்ல."

நிஹ்லா அடுத்த கேள்விக்கு வாய் திறந்தாள். அதற்குள் போனுக்கு அப்பாலிருந்து ஷிஹான் கத்தினான்.

"அன்டி, தனிய எழும்பாதீங்க! தையல் பிரிஞ்சிரும்!"

போனில் பேசிக்கொண்டிருந்தவள் பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தாள். அவள் உட்கார்ந்திருந்த கதிரை கிறீச்சிட்டது.

அங்கே தங்கச்சி என்று யாரும் இல்லை. பேசிக்கொண்டிருப்பது மாக்ரெட்.

கீழே காலி வீதியில் ஒரு பஸ் ஹோர்னை அடித்துக்கொண்டே போனது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வானைத் திரும்பச் சொன்னால் நிஹ்லாவின் வேலை பத்திரம். சொல்லாமல் விட்டு, இரவில் இவள் விழுந்து கிடந்தால், முதலாளி முதலில் போட்டுக் கேட்கப்போவது இதைத்தான்.

"பிள்ளை, இருக்கிறியா?"

இந்த முறை செருமல் இல்லை. குரல் மெலிந்திருந்தது.

"ஈக்கிறேன்."

பிறெடி எங்கோ தள்ளி நின்று தொண்டையைக் கனைத்தார்.

"நாளைக்குக் காலையில நான் கோல் எடுப்பேன்," என்றாள் நிஹ்லா. "யாராவது பேசுவீங்களா?"

"ரெண்டு பேரில ஒராள் பேசுவம்."

"சரி. போனை ஷிஹான்கிட்ட குடுங்க." அவன் வாங்கியதும் சொன்னாள்: "ஒப்படைச்சாச்சு. வெளிய வாங்க."

நாலு பேர் என்று ஏன் சொன்னானென்று அவள் அவனைக் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை தொடர்பைத் துண்டிக்கக் கூடாது. அதுவும் விதிதான். ஷிஹான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனை அதோடு ஒட்டிப் பிடித்தான்.

பிடித்து நடக்கும் வோக்கரின் கால்கள் தரையில் உரசின. நின்றன. திரும்பவும் உரசின.

வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவி செய்வதுபோல் ஒரு பேச்சும் உள்ளே கேட்கவில்லை.

தாழ்ப்பாள் ஒருதரம் வழுக்கியது.

பிறகு விழுந்தது.