பூட்டிய கேட்

போன் அடித்தது.

அவர் கை தானாக நீண்டது. பிறகுதான் நினைவு வந்தது. அவர் இப்போது கேட்மேன் இல்லை. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது.

மலர்க்கொடி போனை எடுத்தாள்.

இந்த கேட்டில் அவளுக்கு இன்று முதல் நாள் வேலை. புதிதாகப் போட்ட கிளைப்பாதையிலும் இன்றுதான் முதல் வண்டி. "நீங்க கட்டாயம் வரணும் மாமா" என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருந்தாள்.

மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இதே கேட்டில் அடிபட்டுச் செத்த மாசிலாமணியின் மகள் அவள்.

"ஒரு நிமிஷம் சார்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். சக்கரத்தைச் சுற்றினாள். கேட் இறங்கியது. பூட்டினாள். ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். திரும்பி வந்து, தாளைப் பார்த்து அன்றைய ரகசிய எண்ணைச் சொன்னாள்.

ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் பூட்டிய கேட்டையே பார்த்தார்.

கேட்டைப் பூட்டிய பிறகுதான் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். எண் கிடைத்தால்தான் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடுவார். இங்கே வேலை பார்த்தபோது இவர் முதலில் எண்ணைச் சொல்லிவிடுவார். வண்டி வரப் பத்து நிமிஷமாகும், அதற்குள் பூட்டிக்கொள்ளலாம். பெரிய கெட்டிக்காரர் என்ற நினைப்பு.

அன்றைக்கு, டீ ஆறிவிடுமே என்று உட்கார்ந்தார்.

மாசிலாமணி ரேஷன் பையோடு வந்தார். கேட் திறந்திருக்கிறது என்று நம்பி நடந்தார்.

வண்டி அவரை அடித்துப்போட்ட பிறகுதான் இவர் கேட்டைப் பூட்டினார். கை நடுங்காமல் பூட்டினார். அதை நினைத்தால்தான் இன்றும் தூக்கம் வராது.

விசாரணைக்கு வந்தவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்தார்கள். குடித்துவிட்டு அடியில் குனிந்து நுழைந்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. மாசிலாமணி வீடு குடிகாரன் வீடு ஆயிற்று. இவர் வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் பழைய மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். அகலப்பாதை போடுவதற்குள் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. வழி முழுக்கக் கருவேல முள்.

ரயிலே இல்லாத அந்தப் பன்னிரண்டு வருஷமும், மாசிலாமணியை அடித்த பத்தே கால் வண்டி அவருக்கு மட்டும் தவறாமல் வந்தது. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வந்தது.

இன்று எல்லோருக்கும் வந்தது.

இன்ஜினில் மாலை. கேட்டின் இரண்டு பக்கமும் ஊரே நின்று கை காட்டியது. பிள்ளைகள் கத்தினார்கள். எட்டுப் பெட்டிகளும் போய்விட்டன.

மலர்க்கொடி பச்சைக்கொடியைச் சுருட்டினாள்.

கேட்டைத் திறக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு வலது முட்டி மடங்காது மாமா. தரையில உக்காந்து சாப்பிடக்கூட முடியாது. ஊருக்கே தெரியும். அவரு எப்படிக் கேட்டுக்கு அடியில குனிஞ்சு நுழைவாருன்னு ஒருத்தரும் யோசிச்சுப் பாக்கல."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் ஹாரன் அடித்தார்கள். "தொறம்மா, நேரமாவுது" என்று யாரோ கத்தினார்.

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் இங்கதான் நிக்குறாங்க. இப்ப சொல்லுங்க."

அவர் கதவு நிலையை விட்டு, கேட்டருகே வந்து நின்றார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் லாரிக்காரரும் இன்ஜினை அணைத்தார்.