வலிக்காத ஊசி

ஊசி போடும் அறை வாசலில் சிந்து மூன்றாவது நாளாக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை.

காய்ச்சல் வார்டு நர்ஸ். ஏழு மாத வயிறு. வயித்துப் பிள்ளையோட எந்த ஊசியும் வேண்டாம் என்று தேவகோட்டையிலிருந்து மாமியார் போனிலேயே முடித்துவிட்டார். ஃப்ளூ ஊசி பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியும் சிந்துவுக்குக் கால் நகரவில்லை.

தலைமை நர்ஸ் நாச்சியாருக்குப் பொறுமை போய்விட்டது. ஊழியர்கள் நூறு சதவீதம் பேரும் ஊசி போட்டுக்கொண்ட ஆஸ்பத்திரி என்று காரைக்குடியில் பெயர் வாங்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. இன்னும் மூன்று பேர்தான் பாக்கி.

நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளைக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னா கேப்பா."

கேட்பாள்தான். போன வருடத்திலிருந்து அங்கே சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் இருப்பது ஒச்சம்மாள். ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கைக்கு நேரே ஊசி. கீழே கொட்டை எழுத்தில், 'நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?'

டாக்டர்கள் பேச்சைவிட அந்த முகத்தைத்தான் எல்லோரும் நம்பினார்கள். எக்ஸ்ரே எடுக்கிற ஆசைத்தம்பி, 'ஒச்சம்மாக்காவே போட்டுக்கிருச்சு, எனக்கென்ன' என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தவன்.

ஒச்சம்மாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிந்துவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒங்களுக்கு வலிச்சுச்சாக்கா?" என்று சிந்து மெதுவாகக் கேட்டாள்.

"வலிக்கவே இல்ல தாயி. நீங்க தெனமும் அந்த வார்டுக்குள்ள போயிட்டு வாரீக. காய்ச்சல் ஒங்களோட நின்னுறாது. ஒங்களை நம்பி ஒரு உசுரு இருக்கு. போட்டுக்கங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதைக் கேட்டுத்தான் சிந்து உள்ளே போனாள்.

இரண்டு நிமிடத்தில் கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். கண்ணில் ஈரம், முகத்தில் சிரிப்பு.

"பொய் சொல்லிட்டீகளேக்கா! நல்லாவே வலிக்குது."

ஒச்சம்மாளும் சிரித்துவைத்தாள்.

வலிக்குமா வலிக்காதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

போன ஐப்பசியில் அதே அறையில் அவளை உட்காரவைத்து, மருந்தில்லாத ஊசியைக் கைக்கு நேரே பிடித்து நாலு படம் எடுத்தார்கள். பிறகு எழுந்திருக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு மட்டும்தான் மருந்து வந்திருக்கிறது, துப்புரவுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனிதான் உங்களுக்குப் போட வேண்டும் என்றார் நாச்சியார். கம்பெனிக்காரன் போனை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு அவள் கெஞ்சியது தனக்காக இல்லை. கொத்தமங்கலத்து வீட்டில் கணவன் சேவுகன் இளைப்போடு கிடந்தான்.

மார்கழியில் வார்டுக் காய்ச்சல் அவளோடு பஸ் ஏறியது. ஒச்சம்மாள் ஐந்து நாளில் எழுந்துவிட்டாள். சேவுகன் எழவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்ததும் அவள்தான்.

இதைச் சொல்லியிருந்தால் சிந்து ஒருவேளை அழுதிருப்பாள். உள்ளே போயிருப்பாளா என்பது நிச்சயமில்லை.

நாச்சியார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"இன்னும் ரெண்டு பேருதான்க்கா. அவுகளுக்கும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

இந்த வருடத்து நூறு சதவீதத்திலும் ஒச்சம்மாள் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். நாச்சியார் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தபடியே நின்றார்.

ஒச்சம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"எந்த வார்டுல இருக்காக, சிஸ்டர்?"