அக்காவுக்குத் தெரிந்த ரோடு

"சைலன்சரை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. முதல்ல இவங்களை வண்டியில உட்காரச் சொல்லுங்க. கால் எங்க வருதுன்னு பார்க்கணும்."

கடைக்கார அக்கா இப்படிச் சொன்னதும் தையல்காரருக்கு முகம் தொங்கிப்போனது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சைலன்சர் மாட்டத்தான் ஆசை ஆசையாகப் புது வண்டியை அங்கே கொண்டுவந்திருந்தார்.

நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய பைக். கல்யாணமான புதிதில் மனைவிக்கு வாக்குக் கொடுத்த மலைப் பயணம், வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கைகூடப்போகிறது. 'பயமா இருக்குங்க' என்று இத்தனை நாள் தட்டிக்கழித்தவள், இப்போதும் அரை மனதாகத்தான் தலையாட்டியிருந்தாள்.

மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அக்கா தரையில் மண்டிபோட்டு, அவள் கணுக்காலுக்கும் வண்டிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார்.

"வண்டி சாய்ஞ்சா கால் நேரா அடியில போய் மாட்டிக்கும். பின்னாடியும் கம்பி போட்டுடலாம். முன்னாடி மட்டும் போட்டா ஓட்டுறவர் தப்பிச்சுக்குவாரு. பின்னாடி இருக்கறவங்க?"

"நல்லா கேளுங்கக்கா," என்றாள் மனைவி. "இவருக்கு இவர் கால் மட்டும்தான் கால்!"

அக்கா சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். இன்ஜினுக்கு அடியில் கனத்த தகடு ஒன்றைப் பொருத்தினார். கைப்பிடிகளுக்கு முன்னால் காப்பு மாட்டினார். "இது காத்துக்குன்னு நினைப்பாங்க. காத்துக்கு இல்ல, விரலுக்கு," என்றார். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிவிட்டு, தோளால் வண்டியை ஒரு இடி இடித்து, மறுபடியும் முடுக்கினார்.

தையல்காரர் தன் பங்குக்கு, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கவிட அவரே தைத்த பைகளைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். அக்கா தையலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.

"அடேயப்பா! கடையில வாங்கினா இப்படிக் கிடைக்காது தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. ஆனா வாய்க்கு இத்தனை பட்டனா? நடுங்குற கையால, அதுவும் ஒத்தைக் கையால திறக்க முடியணும். மருந்துப் பெட்டி எல்லாத்துக்கும் மேல இருக்கட்டும்."

தையல்காரர் அசந்துபோனார். ஆயுளில் எத்தனையோ பட்டன் தைத்தவர். அதை நடுங்குகிற கை ஒன்று திறக்க வேண்டிவரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

போகிற வழியைப் பற்றிப் பேச்சு வந்தது. தையல்காரர் செல்போனில் வரைபடத்தை விரித்து நீட்டினார். அக்கா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எப்ப மலை ஏறுறீங்க?"

"சாயங்காலமா ஏறலாம்னு..."

"வேணாம். பாலம் தாண்டினதும் வெயில் நேரா கண்ணுல அடிக்கும். எதிர்ல லாரி வர்றதே தெரியாது. மத்தியானத்துக்குள்ள ஏறிடுங்க. மூணாவது வளைவுல பாறையிலேர்ந்து தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும், கோடையிலகூட. அங்க முன் பிரேக் பக்கமே கை போகக் கூடாது. அப்புறம் ரோடு நேரா போகும். எல்லாரும் அங்கதான் முறுக்குவாங்க. நீங்க முறுக்காதீங்க."

"நேர் ரோடுதானேக்கா?"

"பார்க்க நேரா இருக்கும். மேட்டைத் தாண்டினதும் சட்டுன்னு இடது பக்கம் மடங்கும். அங்க இருக்கற பெட்ரோல் பங்குக்காரர் தங்கமான மனுஷன். எந்நேரம் தட்டினாலும் கதவைத் திறப்பாரு. அவர் நம்பரைப் போட்டு வச்சுக்கோங்க."

தையல்காரர் மனைவியின் காதருகே குனிந்தார். "பார்த்தியா? உள்ளங்கை ரேகை மாதிரி சொல்றாங்க. வெயில், மழை, ராத்திரின்னு எத்தனை தடவை போயிருக்கணும்! புலிடி இவங்க!"

சுவர் முழுக்கப் படங்கள். வண்டியோடு மலை உச்சியில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற யார் யாரோ. அக்காவின் படம் மட்டும் தேடித் தேடியும் கிடைக்கவில்லை. தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத மனுஷி என்று தையல்காரருக்கு மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது.

வேலை முடிந்தது. மனைவி மறுபடி ஏறி உட்கார்ந்து காலை அசைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"இப்பப் பயமில்லைங்க. அக்கா சொன்ன மாதிரியே போனா, நல்லபடியா போய்ட்டு வந்துடலாம்."

"சைலன்சர் காட்டட்டுமா தம்பி?"

"வேணாங்கக்கா. இருக்கறதே போதும்," என்ற தையல்காரர் கொஞ்சம் தயங்கினார். "அக்கா, தப்பா நினைக்கலைன்னா... நீங்களும் எங்ககூட வாங்களேன். நீங்க முன்னால ஓட்டிட்டுப் போனா, நாங்க உங்க பின்னாடியே வந்துடுவோம். உங்களை மாதிரி ஒருத்தர்கூட ஓட்டினேன்னு நான் காலத்துக்கும் சொல்லிக்குவேன்."

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நானா? எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே தம்பி!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விளையாடாதீங்கக்கா. அப்ப அந்த ரோடு... வளைவு... அதெல்லாம் எப்படி?"

அக்கா எட்டி, மனைவியின் ஹெல்மெட் பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்து இறுக்கினார்.

"அங்க நான் ரொம்ப வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினேன் தம்பி."