ஏழாவது டிக்கெட்

விக்கிரவாண்டியில் அவர் ஏறினார்.

அவள் பார்த்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் வரக்கூடாதுதான். வந்தது.

அலுவலக மேனேஜர். சட்டையெல்லாம் புழுதி. காலையில் செங்கல்பட்டில் கொடியசைத்துவிட்டுக் கிளம்பியபோது போட்டிருந்த கூலிங்கிளாஸைக் காணவில்லை.

ரத்த வங்கிக்கு நிதி திரட்ட அலுவலகம் நடத்தும் போட்டி. மேனேஜர் உட்பட ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்திருந்தார்கள்; வேறு காசோ ஜிபேயோ கூடாது. மாலைக்குள் விழுப்புரம் போய்ச் சேர வேண்டும். அதிகம் மிச்சம் பிடித்தவருக்கு முதல் பரிசு. டிக்கெட்டுகளை அங்கே மேடையில் கொடுத்தால் மைக்கில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள்.

அவள் கையில் ஆறு டிக்கெட். ஆறும் டவுன் பஸ். ஆறும் மகளிர் இலவசம். நூறு ரூபாய்த் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஸ்டோர்ஸ் தங்கவேலு லாரி லாரியாக ஏறி வந்து ஐந்து ரூபாய்தான் செலவழித்திருப்பதாக வாட்ஸ்ஆப்பில் செய்தி.

அப்படிப் பார்த்தாலும் அவள்தான் முதல்.

மூன்று வருடம். பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் உள்ளே நுழையும் ஒவ்வொரு காலையும் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓசி பஸ் வந்துருச்சுப்பா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவளும் சிரித்து வைப்பாள்.

அதுதான் இன்னும் ஆறவில்லை.

கண்டக்டர் வந்தார். மேனேஜர் பையைத் துழாவினார். இன்னொரு பையையும் துழாவினார். பிரியாணிக்கும் ஆட்டோவுக்கும் போனது போக இரண்டு ரூபாய் வந்தது.

"பன்னெண்டு ரூவா சார். ஆம்பளைங்களுக்கு ஓசி கெடையாது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் அவர் அவளைக் கண்டார்.

அந்த முகத்தை அவள் கொஞ்ச நேரம் ஆசை தீரப் பார்த்தாள்.

பிறகு நூறு ரூபாயை நீட்டினாள்.

முதல் பரிசு போனது. போகட்டும்.

கண்டக்டர் சலித்துக்கொண்டே சில்லறை எண்ணிக் கொடுத்தார். டிக்கெட்டை வாங்க மேனேஜர் கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள். மற்ற ஆறுக்கும் மேலே வைத்து மடித்தாள்.

மைக்கில் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். இலவச பஸ்ஸில் வந்தவளுக்கு எதற்குப் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. அடுத்த நிறுத்தம் வரும்போது படிக்கட்டுப் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

அவள் ஜன்னலோரம் ஒதுங்கி இடம் விட்டாள்.

"உக்காருங்க சார். கடைசி வரைக்கும் எடுத்திருக்கேன்."